ஏழாம் நம்பருக்குப் போக ஒரு டயர்

நவம்பர் 4, செவ்வாய்

மழை. இன்றோடு மூன்று நாள். பசுவந்தனை ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி ஆபீஸ் கொட்டகை வரை இருநூறு அடிதான். அதற்குள் செருப்பு இரண்டு கிலோ கனத்துவிட்டது. வாசலில் உட்கார்ந்து குச்சியால் சுரண்டினேன். தினமும் இதே.

வேலை: டயர் பற்றிச் சென்னைக்கு எழுத வேண்டும். சேகர் சார் (மேலாளர், இந்த மண்ணை இரண்டு தடவை பார்த்தவர், இரண்டும் சித்திரையில்) வெள்ளிக்குள் கேட்கிறார்.

நிலைமை: மொத்தம் பதினோரு காற்றாலை. பத்துக்கு எப்படியாவது போய்விடலாம். ஏழாம் நம்பர் தார் ரோட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே. வழி முழுக்கக் கரிசல். வெயில் காலத்தில் ஜீப் போகும். மழை விழுந்தால் பைக்கின் மட்கார்டுக்குள் மண் அடைத்துப் பத்தடியில் சக்கரம் நின்றுவிடும். அதற்காகத்தான் போன வருஷம் ஏ.டி.வி. அனுப்பினார்கள். குண்டு டயர் போட்ட நாலு சக்கர பைக். ஊரில் தவளை வண்டி என்கிறார்கள். தவளையாவது சேற்றில் போகும்.

நேற்றும் சிக்கியது. நானும் மாரியப்பன் அண்ணாச்சியும் (டெக்னீஷியன், என்னைவிடப் பத்து வயது மூத்தவர்) ஒரு மணி நேரம் தள்ளினோம். அண்ணாச்சி சொன்னது: "இந்த டயரு ஊட்டியில புல்லு மேல ஓட்டுததுக்கு மேடம். இங்கன அல்வாவுல ஓட்டச் சொல்லுதாவ."

உடுமலையிலிருந்து மகள் மதுவின் போன். ஏழாம் வகுப்புத் தமிழ்க் கட்டுரைக்கு ஒரு தலைப்பு கேட்டாள். சொல்லி முடிப்பதற்குள் லைன் போய்விட்டது.

நவம்பர் 5, புதன்

தூறல். மதியம் கொஞ்சம் வெயில்.

கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு ஏழாம் நம்பர் வழியில் நடந்தேன். நூறு அடிக்கு ஒரு தடவை குத்திப் பார்த்தேன். முதல் ஒரு கிலோமீட்டர்: முழங்கால் ஆழத்தில் சரள் தட்டுகிறது. அப்புறம் ஓடை வரை: இடுப்பு வரை கம்பி இறங்குகிறது, தட்டவேயில்லை. ஓடைக்கு அந்தப் பக்கமும் அப்படித்தான்.

ஆக, ஒல்லியான டயர் வேண்டாம். அது சேற்றை அறுத்துக்கொண்டு கீழே கெட்டியான தரையைத் தேடும். இங்கே கீழே தரையே இல்லை. அகலமான டயர். காற்றைக் குறைத்து, மண் மேல் மிதக்கிற மாதிரி.

குறிப்பு:
— பட்டன் (டயர் மேல் துருத்திக்கொண்டிருக்கும் ரப்பர் கட்டை) உயரமாக. இப்போது உள்ளது சுண்டுவிரல் நகம் அளவுதான்.
— பட்டன்களுக்கு நடுவே இடைவெளி நிறைய. இதுதான் முக்கியம். நெருக்கமாக இருந்தால் கரிசல் உள்ளே உட்கார்ந்துகொள்ளும், டயர் களிமண் உருண்டை ஆகிவிடும். இடைவெளி இருந்தால் சுற்றுகிற வேகத்தில் அதுவே உதறிப் போடும்.
— ஓரம் தடிமனாக. வழி முழுக்க வேலிக்கருவை முள்.
— ரொம்பப் பெரிய சைஸ் வேண்டாம். மட்கார்டில் உரசும், என்ஜினுக்கும் பாரம்.

திரும்பும்போது பேச்சி மறித்தாள். ஏழாம் நம்பர் பக்கம் ஆடு மேய்க்கிறவள், என் வயதுதான் இருக்கும். தலையில் உரச்சாக்கைக் கொங்காணியாகப் போட்டிருந்தாள். கையில் ஒரு குட்டி, முன்னங்கால் தொங்குகிறது.

"உங்க வண்டி உழுதுபோட்ட தடத்துல விழுந்து ஒடிஞ்சிருக்கு. இத யாரு கட்டுவா?"

நான் கட்டினேன். துப்பட்டா ஓரத்தைக் கிழித்து, கருவேலங்குச்சி வைத்து. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். "கட்டத் தெரியுது. ஓட்டத்தான் தெரியல" என்றாள்.

கோபம் வரவில்லை. உண்மைதானே. ஒரே தடத்தில் சக்கரம் சுற்றச் சுற்றப் பள்ளம் ஆழமாகிறது.

நவம்பர் 7, வெள்ளி

மழை இல்லை. புழுக்கம். மாடி அறையில் துணி எதுவும் காயவில்லை. ஈர வாடை.

சேகர் சாரோடு போனில் நாற்பது நிமிஷம். அவருக்கு எல்லா இடத்துக்கும் பொதுவான டயர் போதும். "ரோட்லயும் ஓடும், சேத்துலயும் ஓடும்" என்கிறார். இரண்டிலும் ஓடுகிற டயர் இரண்டிலும் அரைகுறையாக ஓடும் என்றேன். இந்த வண்டி ரோட்டுக்கே வருவதில்லை, மழைக்கு மட்டும்தான் எடுக்கிறோம் என்றேன். கம்பி குத்திப் பார்த்த கணக்கைப் படித்துக் காட்டினேன். கடைசியில், "சரி கோமதி, உங்க இஷ்டம். ஆனா பொறுப்பும் உங்களோடது."

அப்படியே உடுமலை மாறுதலையும் கேட்டேன். அங்கேயும் நம் காற்றாலைகள் இருக்கின்றன. இது மூன்றாவது வருஷம், மூன்றாவது விண்ணப்பம்.

"அந்த சைட்ட மழையில நடத்த உங்கள விட்டா ஆள் இல்லையேம்மா."

ஒரு வருஷத்துக்கு என்றுதான் அனுப்பினார்கள். பிறந்த ஊர்ப்பக்கம்தானே, சிரமம் இருக்காது என்றார்கள். இவர் (என் கணவர்) அங்கே நூல் மில்லில். மது அவரோடு. நான் இங்கே. இந்த மண்ணைப் பற்றித் தெரிந்துகொண்டதுதான் நான் செய்த தப்பு. தெரியத் தெரிய விடமாட்டேன் என்கிறார்கள்.

டயரைப் பற்றி எதற்கு இப்படிப் பேய் பிடித்த மாதிரி படிக்கிறேன் என்று வீட்டுக்காரம்மா கேட்டார். பதில் சொல்லவில்லை. இங்கே எழுதலாம். நல்ல டயர் வந்துவிட்டால் ஏழாம் நம்பருக்கு யார் வேண்டுமானாலும் போகலாம். யார் வேண்டுமானாலும் போகலாம் என்றால் நான் வேண்டாம்.

நவம்பர் 11, செவ்வாய்

டயர் வந்துவிட்டது! நான்கு. லாரி ஆபீஸிலிருந்து ஆட்டோவில் ஏற்றி பைபாஸ் டயர் கடைக்கு. வண்டியை டிராக்டர் டிரெய்லரில் கொண்டுவந்து இறக்கினோம். கடைக்காரர் இந்த ரகத்தைத் தொட்டதே இல்லை. "பட்டனாய்யா இது, பலாப்பழம்லா" என்று தடவிப் பார்த்தார்.

மாட்டும்வரை பக்கத்திலேயே நின்றேன். காற்று நானே அளந்தேன். நட்டு நானே இறுக்கிப் பார்த்தேன். சரி என்று கையெழுத்துப் போட்டேன்.

கடையில் டீ, இரண்டு பஜ்ஜி. கடலைமிட்டாய் அரைக்கிலோ மதுவுக்கு. எப்போது கொடுக்கப்போகிறேன் என்று தெரியாமல் வாங்கினேன்.

நவம்பர் 12, புதன்

நாளைக்குக் கனமழையாம். ஏழாம் நம்பர் நின்றுவிட்டது, பழுது காட்டுகிறது. நாளைக் காலை போக வேண்டும். புது டயரைப் பார்க்க ஆசையாகக்கூட இருக்கிறது.

மது பேசவில்லை. வயிற்று வலி, படுத்திருக்கிறாள் என்றார் இவர். வெளியே ஏதாவது தின்றிருப்பாள். ஓமம் கொடுக்கச் சொன்னேன்.

நவம்பர் 14, வெள்ளி

நேற்று நடந்ததை இப்போது எழுதுகிறேன். காலை ஏழு மணி. ஆஸ்பத்திரி வராண்டா. விட்டுப்போகாமல் எழுத வேண்டும், அறிக்கைக்கும் இது வேண்டும்.

ஒன்பதரைக்கு நானும் அண்ணாச்சியும் கிளம்பினோம். முதல் கிலோமீட்டர் நன்றாகவே போனது. அதற்கு அப்புறம் வண்டி திணறியது. முன்சக்கரம் உதறுகிறது, பின்சக்கரத்தில் மண் ஏறிக்கொண்டே வருகிறது. புது டயர், பழகட்டும் என்று நினைத்தேன். நினைத்தேன்! எப்படியோ தத்தித் தத்திப் பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

பழுது சின்னதுதான். சரிசெய்துவிட்டு அண்ணாச்சி வெளியே வரும்போது காற்று அடித்தது. கோபுரத்தின் இரும்புக் கதவு. இடது கை. சத்தம் அவர் போடவில்லை, கதவுதான் போட்டது. கதவைத் திறந்தபோது இரண்டு விரல் நுனி தட்டையாக இருந்தது. முதலுதவிப் பெட்டியில் இருந்த பஞ்சு முழுதையும் வைத்துக் கட்டினேன். கோபுரத்தடியில் சிக்னல் கிடைத்தது, ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். தார் ரோடு வரைதான் வரும். மூன்று கிலோமீட்டர் எங்கள் பாடு.

அவரைப் பின்னால் உட்காரவைத்துக் கிளம்பினேன். மழை கொட்ட ஆரம்பித்தது. ஓடை தாண்டி இருநூறு அடியில் வண்டி உட்கார்ந்துவிட்டது. ஆக்ஸிலேட்டரைத் திருகத் திருக இறங்குகிறது. பின் டயர் இரண்டும் பட்டனே தெரியாமல் உருண்டையாகிவிட்டன. எதற்காக அந்த டயரை வாங்கினேனோ அது நடக்கவில்லை. மண்ணை உதறவில்லை, வாரி வாரி உள்ளே வைத்துக்கொண்டது.

இறங்கிக் கையால் தோண்டினேன். அண்ணாச்சியும் ஒரு கையால் தோண்ட வந்தார். வேண்டாம் என்று கத்தினேன். அவர் உதடு வெளுத்திருந்தது. போனில் சிக்னல் இல்லை. சுற்றிலும் உளுந்துக் கொல்லை, தண்ணீர், மழை. ஒரு பக்கமும் போக வழியில்லை. மூன்று வருஷமாக இங்கேதான் நிற்கிறேன் என்று அந்த நேரத்தில் தோன்றியது. வெட்கம்தான். அடிபட்டது அவருக்கு.

ரிவர்ஸ் போட்டுப் பார்த்தேன். வண்டி பின்னால் வந்தது. சும்மா வரவில்லை, மண்ணை உதறிக்கொண்டு, பட்டன் பளிச்சென்று தெரிய, சுகமாக வந்தது. முன்னால் போட்டேன், மறுபடி அடைப்பு. ரிவர்ஸ், மறுபடி உதறல்.

சரி, ரிவர்ஸிலேயே போவோம் என்று வண்டியைத் திருப்பி அப்படியே ஓட்டினேன். ஐம்பது அடி போயிருக்கும். வரப்பில் வழுக்கி வண்டி சாய்ந்தது. அண்ணாச்சி விழப் பார்த்தார். நிறுத்தினேன்.

அப்போதுதான் புத்தி வந்தது. இறங்கி டயரின் பக்கவாட்டைத் துடைத்தேன். ஒரு அம்புக்குறி, இந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று. முன் டயர் இரண்டிலும் அம்பு முன்னால் பார்க்கிறது. பின் டயர் இரண்டிலும் பின்னால் பார்க்கிறது.

தலைகீழாக மாட்டியிருக்கிறது. நான் பக்கத்தில் நின்று, காற்று அளந்து, நட்டு இறுக்கி, கையெழுத்துப் போட்டு.

இடது சக்கரத்தை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றினால் நேராகிவிடும். பக்கத்துக்கு நான்கு நட்டு. ஸ்பேனர் இருக்கிறது. ஜாக்கி வைத்தால் ஜாக்கிதான் மண்ணுக்குள் போகிறது.

கொங்காணி ஒன்று மழைக்குள் வந்தது. பேச்சி. பின்னால் அவள் புருஷன். ஆடுகளை மேட்டில் நிறுத்திவிட்டு, வண்டிச் சத்தம் மாறி மாறிக் கேட்டு வந்திருக்கிறார்கள்.

"என்னக்கா, முன்னால போகுதீங்களா பின்னால போகுதீங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தவள் அண்ணாச்சியின் கையைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். "என்னத்த செய்யணும், சொல்லுங்க."

சொன்னேன். புருஷன் ஓடைக்கரையில் வெட்டிக் கிடந்த கருவேலந்தூர் ஒன்றை இழுத்து வந்தார். மூன்று பேரும் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கினோம். அண்ணாச்சி காலால் தூரை உள்ளே தள்ளினார். பேச்சி தோளை முட்டுக் கொடுத்துக்கொண்டே நின்றாள். "சீக்கிரம் முடிங்கக்கா, இது ஆடு இல்ல, அசையாம நிக்கதுக்கு."

எட்டு நட்டு. விரலெல்லாம் சேறு, ஒன்று கைதவறி விழுந்தது. பேச்சியின் புருஷன் மண்ணைப் பிசைந்து பிசைந்து எடுத்துக் கொடுத்தார். கூடவே டயரில் காற்றையும் கொஞ்சம் இறக்கினேன்.

மாட்டி முடித்துக் கிளப்பினேன். போனது. மண் என் முதுகிலும் பேச்சியின் முகத்திலும் தெறிக்கத் தெறிக்கப் போனது. நான் படித்த மாதிரியே, எழுதி அனுப்பிய மாதிரியே போனது. மீதி வழிக்குப் பதினைந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

மண்ணில் நின்ற நேரம் ஒரு மணி இருபது நிமிஷம்.

ஆம்புலன்ஸ் நின்றுகொண்டிருந்தது. கோவில்பட்டி. ஒரு விரல் பிழைத்தது. நடுவிரலில் ஒரு கணுவை எடுத்துவிட்டார்கள். முன்னாலேயே வந்திருந்தால் என்று டாக்டரிடம் கேட்டேன். "சொல்ல முடியாதும்மா" என்றார். முடியாது என்றால் எந்தப் பக்கம் முடியாது?

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் போனைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்தேன். பதினாலு அழைப்பு. எல்லாம் இவர். மதியம் பன்னிரண்டிலிருந்து.

"போன எடுக்கவே மாட்டியா கோமதி? மது பெரிய மனுசி ஆயிட்டா. எனக்கு ஒண்ணும் புரியல. பக்கத்து வீட்டக்காவத்தான் கூப்பிட்டேன்."

வயிற்று வலி. ஓமம் கொடுக்கச் சொன்னேனே நான்.

மதுவிடம் கொடுக்கச் சொன்னேன். வாங்கினதும் சொன்னாள்: "ஆன்ட்டி எல்லாஞ் சொல்லிக் குடுத்துட்டாங்க. நீங்க ஒண்ணும் வர வேண்டாங்மா."

என் முழங்கை வரை கரிசல் காய்ந்து வெடித்திருந்தது. வராண்டாக் குழாயில் கழுவினேன். கழுவிக்கொண்டே இருந்தேன். நர்ஸ் வந்து குழாயை மூடினாள்.

நவம்பர் 15, சனி

மழை விட்டுவிட்டது. லீவு கேட்டேன். அறிக்கை கொடுத்துவிட்டுப் போங்கள் என்கிறார்கள்.

அண்ணாச்சியைப் பார்க்கப் போனேன். கட்டிலில் சாய்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஊட்டிவிட, அவர் வேண்டாம் என்று மறுக்க. சொல்லிவிடுவது என்று தீர்மானித்துத்தான் போனேன். "அண்ணாச்சி, டயர் மாட்டும்போது நான்தான் நின்னேன். அம்பப் பாக்கல. ஒன்றரை மணி நேரம் போனது என்னாலதான்."

அவர் மென்று முடித்தார். "அந்தக் கதவுக்குக் கொக்கி இருக்குது மேடம். திறந்ததும் மாட்டணும். நான் மாட்டல. நீங்க ஒண்ணு சொன்னா நானும் ஒண்ணு சொல்லணும்லா."

அவர் மனைவி கிண்ணத்தைக் கீழே வைத்தார். "ரெண்டு பேரும் மாறி மாறி ஒத்துக்கிட்டா போன விரலு வந்துருமாக்கும்?"

அப்புறம் அவரே எனக்கும் ஒரு தட்டில் இரண்டு இட்லி வைத்தார். சாப்பிட்டேன்.

மதுவுக்கு மூன்று தடவை அடித்தேன். எடுக்கவில்லை.

நவம்பர் 17, திங்கள்

அறிக்கை அனுப்பினேன். டயர் தேர்வு சரி. பின் டயர்கள் தலைகீழாக மாட்டப்பட்டதைச் சரிபார்க்கத் தவறியது நான். அப்படியே எழுதினேன். இதைப் படித்தால் மாறுதலும் கிடையாது, ஒருவேளை வேலையும் கிடையாது. எது நடந்தாலும் ஒரு வழி திறக்கும் என்றுகூட மனதுக்குள் ஒரு கள்ளத்தனம்.

நான்கு மணிக்கு சேகர் சார் கூப்பிட்டார்.

"ஒரு மெமோ வரும், அத விடுங்க. ஆனா கோமதி, வேற யாராவதா இருந்தா அங்கயே உக்காந்து எனக்கு சிக்னல் தேடிக்கிட்டு இருப்பான். நீங்க மழையில சக்கரத்தயே கழட்டி மாட்டியிருக்கீங்க. இப்படி ஒரு ஆள நான் எப்படி விடுவேன், சொல்லுங்க?"

பாராட்டுகிறார்! போனைப் பிடித்துக்கொண்டு கொட்டகையில் நின்றேன். வாசலில் தவளை வண்டி, காய்ந்த மண்ணோடு. அதை உதைக்க வேண்டும் போல இருந்தது. உதைத்தேன். கால்தான் வலித்தது.

மாறுதல்: அடுத்த மழை முடியட்டும், பார்க்கலாம்.
லீவு: வியாழனிலிருந்து ஞாயிறு வரை. கிடைத்தது.

நவம்பர் 19, புதன்

கிளம்புவதற்கு முன்னால் செய்தவை: நான்கு டயரிலும் அம்பு மேல் வெள்ளைப் பெயிண்ட். கொட்டகைச் சுவரில் பெரிய எழுத்தில், காற்று எவ்வளவு, எந்த வழி, ஒரே தடத்தில் இரண்டு தடவை போகாதே, கோபுரக் கதவுக்குக் கொக்கி. யார் வந்தாலும் படித்துப் போகலாம்.

பேச்சியைத் தேடிப்போய்ச் சொன்னேன், நாலு நாள் இருக்க மாட்டேன் என்று. எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை. மகள் விஷயத்தையும் சொன்னேன்.

"அன்னைக்கா? நம்ம வண்டியத் தூக்கினோமே, அன்னைக்கா?" கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். "போங்கக்கா. திட்டுவா. திட்டட்டும். திட்டுதவகிட்டதான் போகணும், பேசாதவகிட்டப் போனாத்தான் கஷ்டம்."

நவம்பர் 20, வியாழன்

மதுரையில் பஸ் மாறி, பழனி வழியாக. மூன்றரைக்கு உடுமலை. இங்கே மழையே இல்லை, நல்ல காற்று. ஊர் ஓரத்தில் நம் காற்றாலைகள், கெட்டியான செம்மண்ணில், தார் ரோட்டின் பக்கத்திலேயே. ஜன்னல் வழியாக எண்ணிக்கொண்டு வந்தேன்.

மது கதவைத் திறந்தாள். ஒரு இஞ்ச் வளர்ந்திருக்கிறாள். "வாங்க" என்றாள். விருந்தாளியைச் சொல்கிற மாதிரி. உள்ளே போய்விட்டாள்.

நவம்பர் 21, வெள்ளி

சடங்கு எதுவும் வேண்டாம் என்றுவிட்டாள். பக்கத்து வீட்டக்கா உளுந்தங்களி கொண்டுவந்தார். நான் செய்தது அடுப்பிலேயே இருந்தது. இரண்டையும் சாப்பிட்டாள். அக்காவுடையதை முதலில்.

துணி, தேதி, வலி என்று நான் ஏதோ சொல்ல ஆரம்பிக்க, "தெரியும்மா" என்றாள். எல்லாமே தெரிந்திருக்கிறது. எனக்குச் சொல்ல எதுவுமில்லை.

மதியம் கடுகடுவென்று கேட்டாள்: "அன்னிக்கு எங்க இருந்தீங்க? அப்பா எத்தன தடவ அடிச்சாரு."

சொன்னேன். கதவு, விரல், ஓடை, அம்பு, எல்லாம். அழாமல் சொன்னேன். நடுவில் அவள் புத்தகத்தை மூடிவிட்டாள்.

"அந்த அண்ணாச்சிக்கு விரல் போயிருச்சா?"

"ஒரு கணு."

"நீங்க பாக்காததுனாலயா?"

"இருக்கலாம்."

அப்புறம் எழுந்து போய்ச் சீப்பும் எண்ணெயும் எடுத்துவந்து என் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். முடி இடுப்பைத் தாண்டிவிட்டது. சிக்கு எடுக்கவே அரைமணி நேரம். வலித்திருக்கும், சொல்லவில்லை.

நவம்பர் 22, சனி

காலையில் மூன்று பேரும் சந்தைக்கு. மதுவுக்குச் செருப்பு. வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள், ரோடு தாண்டும்வரை மட்டும்.

பதினொரு மணிக்கு சேகர் சாரின் போன். வங்கக் கடலில் புதுத் தாழ்வுநிலையாம். தூத்துக்குடிப் பக்கம் திங்களிலிருந்து கனமழை. அனுப்புவதாகச் சொன்ன மாற்று ஆள் சுவரில் எழுதியிருப்பதைப் போட்டோவில் பார்த்துவிட்டு, "இந்த இடத்துக்கு என்னால் முடியாது" என்று சொல்லிவிட்டாராம். நாளையே கிளம்பி வந்துவிடுங்கள், லீவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வாய் தானாகச் சொன்னது.

நாளைக் காலை ஆறு ஐந்துக்கு மதுரை பஸ்.

மது பக்கத்து அறையில் பாட்டுப் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டி மாட்டிக் கழற்றிப் பார்க்கிறாள். நாளை மத்தியானம் என்ன சமைக்கப் போகிறீர்கள் என்று இப்போதுதான் கேட்டாள். புளிக்குழம்பு என்றேன்.